நான்கு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். எகிப்து, லிபியா நாடுகளின் பாலைவனத்துக்குள் நூற்றுக்கணக்கான மைல் லாரி ஓட்டிப்போய் எதிரியை வேவு பார்த்துவர, பிரிட்டிஷ் ராணுவம் 1940-இல் ஒரு சிறு படையை அமைத்தது. ‘நெடுந்தூரப் பாலைவனக் குழு’ என்று பெயர். வழியில் சாலை கிடையாது. கிணறு எப்போதாவது தென்படும். வண்டி மணலில் புதைந்து நின்றுவிட்டால் உதவிக்கு ஆள் வராது.

முதலில் இவர்களிடம் இருந்தவை செவ்ரோலே லாரிகள். எஞ்சினின் விசை பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் போகும் வண்டிகள் அவை. 1941-இல் ஃபோர்டு லாரிகள் வந்தன. அவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். இன்று ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்கிறோமே, அதேதான். மறு ஆண்டு புதிய செவ்ரோலே லாரிகள் கிடைத்தன. அவையும் இரண்டு சக்கர இயக்கம் கொண்டவைதான். குழுவினர் ஃபோர்டுகளை விட்டுவிட்டு அவற்றுக்கே திரும்பினார்கள்!

ஃபோர்டு எடை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடிக்கும் என்பதுதான் காரணம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மணலிலேயே உண்டு, மணலிலேயே உறங்கி, மணலிலேயே வண்டி ஓட்டியவர்கள், நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அப்படியானால் மணலில் போவதற்கு வேண்டியது எது? எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த கேள்வி இது. விடை எஞ்சினுக்குள் இல்லை. டயருக்குக் கீழே, மண்ணில் இருக்கிறது.

சக்கரம் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். அது சுற்றும்போது தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரை அதே விசையோடு சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. வண்டியை நகர்த்துவது தரை திருப்பிக் கொடுக்கும் இந்தத் தள்ளல்தான். தார்ச் சாலை அசையாமல் நிற்கும். எவ்வளவு தள்ளினாலும் திருப்பித் தள்ளும். மணல் அப்படியில்லை. ஓர் அளவுக்குமேல் தள்ளினால் தானே பின்னால் நகர்ந்துவிடும். அந்த அளவுதான் எல்லை. எஞ்சினுக்கு 100 குதிரைத்திறன் இருந்தாலும், 300 குதிரைத்திறன் இருந்தாலும், மணல் தாங்குவதற்கு மேல் ஒரு துளி விசைகூட வண்டிக்குக் கிடைக்காது.

மணல் எவ்வளவு தாங்கும்? ஒரு கைப்பிடி உலர்ந்த மணலை எடுத்துப் பாருங்கள். மணல் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு ஒன்றுதான். உராய்வுக்கு ஒரு குணம் உண்டு: மேலிருந்து எவ்வளவு அழுத்துகிறோமோ, அவ்வளவு அது கூடும். மணலை ஒரு தாளில் மெல்லக் கொட்டிப் பாருங்கள். குவியும், ஒரு சரிவுக்குமேல் நிற்காமல் வழியும். எத்தனை முறை கொட்டினாலும் ஏறத்தாழ அதே சரிவுதான், 30 பாகையை ஒட்டி. மணிகளுக்கிடையே உள்ள உராய்வின் அளவு அந்தச் சரிவில் தெரிகிறது. இதையெல்லாம் கணக்காக எழுதியவர் கூலும். ஆமாம், மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே கூலும்தான். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் கோட்டை கட்டிய பொறியாளர். மண்ணைத் தாங்கும் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று கணக்கிடப் போய், மண்ணின் வலிமையைப் பற்றி 1776-இல் எழுதி வெளியிட்டார். மின்சாரம் பற்றிய ஆய்வெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது வண்டியை மணலில் இறக்குவோம். சக்கரம் தன் எடையால் கொஞ்சம் அமிழ்கிறது. அமிழ்ந்ததும் அதற்கு முன்னால் ஒரு சின்ன மேடு உண்டாகிறது. ஒரு அடி முன்னேறினால் அந்த மேடும் ஒரு அடி முன்னால் போய் நிற்கும். ஆகவே சமதரை மணலில் ஓடும் வண்டிகூட எந்நேரமும் மேடு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆழம் கூடக் கூட மேடு செங்குத்தாகும். ஒரு கட்டத்தில், மேடு கேட்கும் விசை மணல் தரும் விசையைத் தாண்டிவிடுகிறது. வண்டி நிற்கிறது.

பதற்றத்தில் ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். காரியம் கெடுவது இங்கேதான். டயர் பட்டன்கள் மணலை வாரி வாரிப் பின்னால் எறிகின்றன. மணல் போன இடத்தில் சக்கரம் இறங்குகிறது. மறுபடி வாருகிறது, மறுபடி இறங்குகிறது. சில விநாடிகளில் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்தால் வண்டியின் எடையை வயிறு தாங்கத் தொடங்கும். சக்கரத்தின் மேல் இருந்த எடை குறைந்துவிடும். எடை குறைந்தால் உராய்வு குறையும் என்று சற்றுமுன் பார்த்தோம். பிடிப்புக்கு மிச்சமிருந்த வழியும் அடைபட்டுவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி என்றால் நான்கு குழிகள். அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தால் பயன் நிச்சயம் உண்டு. இரண்டு சக்கர இயக்க வண்டியில் முன் சக்கரங்களின் மேல் உள்ள எடை சும்மா கிடக்கிறது. மணலைத் தள்ள அது உதவுவதில்லை. நான்கிலும் விசை இருந்தால் முழு எடையும் வேலைக்கு வருகிறது. அதனால் மணல் தரக்கூடிய தள்ளல் கூடுகிறது. ஆனால் வண்டி தன் எடையால் எவ்வளவு அமிழும் என்பதை அது மாற்றாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதற்காக நடுவில் ‘டிஃபரன்ஷியல்’ என்ற பல்சக்கர அமைப்பை வைத்திருக்கிறார்கள். அது இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் அனுப்பும். இடது சக்கரம் பொலபொலவென்ற மணலில் நின்றால், அதைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும். எனவே வலது சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். வலது சக்கரம் கெட்டித் தரையில் இருந்தும் அசையாது, இடது மட்டும் வீணாகச் சுற்றும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று இப்படிச் சுற்றினால், ஃபோர் வீல் டிரைவ் வண்டியிலும் இரண்டு சக்கரங்கள் சும்மா நிற்கும். அதற்காகத்தான் சில வண்டிகளில் ‘டிஃபரன்ஷியல் லாக்’ வைக்கிறார்கள். அதைப் போட்டால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்துதான் சுற்றும்.

சரி, அந்தப் பாலைவனக் குழு இரண்டு சக்கர இயக்கத்தோடு எப்படிச் சமாளித்தது? அதற்கு அந்தக் குழுவை உருவாக்கியவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ரால்ஃப் பாக்னால்டு. 1896-இல் பிறந்த ராணுவப் பொறியாளர். 1920-களில் எகிப்தில் வேலை பார்த்தபோது விடுமுறை நாட்களில் நண்பர்களோடு சாதாரண ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் போய்விடுவார். 1929, 1930, 1932 ஆண்டுகளில் அவர்கள் போன பயணங்கள் பெரியவை. எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே ‘பெரும் மணற்கடல்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மணற்குன்றுகள் வரிசை வரிசையாக நிற்கும் இடம். கார் போகவே முடியாது என்று நினைத்திருந்த அந்தக் குன்றுகளின் மேல் இவர்கள் காரை ஏற்றிக் கடந்தார்கள்.

அதற்காக அவர்கள் செய்த முக்கியமான காரியம், டயரிலிருந்து காற்றை இறக்கியது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும். ஆட்களோடு சேர்த்து 2000 கிலோ எடையுள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. பெட்ரோல் பங்க்கில் ‘35 வையுங்க’ என்கிறோமே, அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ. டயர் ரப்பரின் விறைப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், டயர் தரையை அழுத்துவதும் அதே அளவுதான். 500-ஐ 2.5-ஆல் வகுத்தால் 200. அதாவது டயர் தரையைத் தொடும் இடம் 200 சதுர சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர். உங்கள் நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைவிடச் சிறியது! காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் தட்டையாகி, தொடும் இடம் ஏறக்குறைய 400 ஆகிவிடும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் எடை பாதியாகிவிடும். வண்டியின் எடையில் ஒரு கிராம்கூட குறையவில்லை. ஆனால் அது மணலில் அமிழ்வது குறைந்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம். காற்று இறங்கிய டயர் அகலத்தில் கொஞ்சம்தான் விரியும். நீளத்தில்தான் நன்றாக நீளும். அது நல்லதுதான். தடம் நீளமாக இருந்தால் முன்னால் எழும் மேடு சிறியதாக இருக்கும். பாலைவனத்திலிருந்து தார்ச் சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும். காற்று குறைந்த டயர் வேகமாக ஓடினால் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும்.

அப்படியும் புதைந்தால்? கெய்ரோவில் ஒரு பழைய சாமான் கடையில் பாக்னால்டு கனமான எஃகுத் தகடுகளைக் கண்டெடுத்தார். நீளவாக்கில் பள்ளமாக வளைத்தவை. முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குக் கூரை போடச் செய்தவை. பின் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, தகட்டைச் சக்கரத்தின் கீழ் திணித்து, வண்டியை அதன்மேல் ஏற்றுவார்கள். சக்கரத்தின் எடை முழுத் தகட்டின் பரப்பிலும் பரவிவிடும். வண்டி தகட்டைத் தாண்டியதும் அதை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிப் போட வேண்டும். கடும் வெயிலில் இந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாலைவனக் குழுவின் லாரிகளும் இந்த வகைத் தகடுகளைத் தாங்கித்தான் போயின. இன்று பாலைவனப் பந்தய வண்டிகளின் பக்கவாட்டில் கட்டியிருக்கும் பலகைகள் இவற்றின் வாரிசுகள்.

பாக்னால்டிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. புதைந்த வண்டியைத் தோண்டி எடுத்ததோடு அவர் விட்டுவிடவில்லை. ஏன் சில இடங்களில் மணல் சாலை மாதிரி கெட்டியாக இருக்கிறது, பத்தடி தள்ளி ஏன் கால் முழங்கால்வரை இறங்குகிறது என்று கேட்டார். லண்டனில் ஒரு கல்லூரியில் காற்றுச் சுரங்கம் அமைத்து, அதற்குள் மணலை ஊதி ஊதி ஆராய்ந்தார். காற்றால் மணல் மணிகள் துள்ளித் துள்ளிப் போகின்றன. விழும் ஒவ்வொரு மணியும் மற்ற மணிகளை இடித்து நெருக்கி அடுக்குகிறது. அதனால் குன்றின் காற்று வீசும் பக்கம் கெட்டிப்படுகிறது. உச்சியைத் தாண்டிய மணல் மறுபக்கம் சும்மா உருண்டு விழுகிறது. அங்கே அடுக்க யாரும் இல்லை; மணிகளுக்கிடையே காலியிடம் நிறைய. அந்தப் பக்கம் வண்டி மாட்டிக்கொண்டால் தொலைந்தது. அதன் சரிவு 33 பாகையை ஒட்டி இருக்கும். தாளில் கொட்டிய மணலின் சரிவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1941-இல், போருக்கு நடுவே, இந்த ஆய்வுகள் புத்தகமாக வந்தன. மணல் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இதுவரை உலர்ந்த மணலைப் பற்றித்தான் பேசினோம். தண்ணீர் சேர்ந்தால் கதை மாறுகிறது. மெரினாவில் நடந்திருந்தால் தெரிந்திருக்கும். சாலைப் பக்கம் உலர்ந்த மணலில் கால் புதைகிறது; அலை தொட்டுப் போகும் இடத்தில் தரை கெட்டியாக இருக்கிறது. ஈர மணலில் அடுத்தடுத்த இரண்டு மணிகளுக்கிடையே மெல்லிய நீர்ப் பாலம் நிற்கிறது. நீரின் பரப்பு இழுவிசை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. மணல்வீடு கட்ட முடிவதும் இதனால்தான். ஆனால் தண்ணீர் நிறைந்து, மணிகளுக்கிடையே காற்றே இல்லை என்றாகிவிட்டால் பாலங்கள் கரைந்துபோகும். அலை வந்து நிற்கும்போது உங்கள் பாதம் கீழே இறங்குகிறதே, அப்போது பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். கடற்கரையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் ஈர மணல் கெட்டி என்று நம்பி அலை விளிம்புவரை போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் இதைக் கவனியுங்கள். அலை வடிந்த பளபளப்பான மணலில் மெல்லக் கால் வையுங்கள். பாதத்தைச் சுற்றிச் சட்டென்று மணல் உலர்ந்து வெளுக்கும். மிதித்தால் தண்ணீர் பிதுங்கி மேலேதானே வர வேண்டும்? ஏன் உள்ளே போகிறது? நெருக்கமாக அடுக்கியிருந்த மணிகள் மிதிபட்டு நகரும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன; இடைவெளி பெரிதாகிறது; மேலே இருந்த நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் 1885-இல் இதை விளக்கினார். எத்தனையோ கோடிப் பேர் பார்த்துவிட்டுக் கடந்துபோன காட்சி அது.

களிமண் வேறு சாதி. அதன் துகள்கள் மிக மிக நுண்ணியவை, ஒன்றோடொன்று ஒட்டும். சேறாக இருக்கும்போது மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அதன் வலிமை சட்டென்று கூடாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் நீர் வெளியேற நேரம் பிடிக்கும். அதுவரை அந்த அழுத்தத்தை நீரே ஏற்றுக்கொள்ளும். ஆகவே மணலில் எடை பிடிப்பைத் தரும், சேற்றில் தராது. அங்கே உதவுவது பரப்பு மட்டும். தஞ்சாவூர்ப் பக்கம் சேற்றுழவு ஓட்டும் டிராக்டரைப் பாருங்கள். பின் சக்கரத்தோடு இரும்புப் பட்டைகளால் ஆன ‘கேஜ் வீல்’ மாட்டியிருப்பார்கள். சாதாரண டயரின் பட்டன் இடுக்குகளில் சேறு அப்பிக்கொண்டால் டயர் மொழுமொழுவென்று ஆகி வழுக்கும். கூண்டுச் சக்கரத்தில் சேறு பட்டைகளுக்கிடையே வழிந்துவிடும். ஒவ்வொரு பட்டையும் புதிதாகச் சேற்றைப் பிடித்துத் தள்ளும். வயலின் சேற்றுக்கு அடியில், வருடக்கணக்காக உழுது உழுது இறுகிய ஒரு கெட்டித்தரையும் இருக்கும். அது இருப்பதால்தான் டிராக்டர் இன்னும் ஆழத்துக்குப் போகாமல் நிற்கிறது.

இந்த இரண்டு குணங்களையும், ஒட்டும் தன்மையையும் உராய்வையும் சேர்த்து, எந்த மண்ணில் எந்தச் சக்கரம் எவ்வளவு அமிழும், எவ்வளவு இழுக்கும் என்று கணக்கிடும் ஒரு தனி இயலையே வளர்த்தவர் போலந்தில் பிறந்த பொறியாளர் பெக்கர். அவருடைய புத்தகம் 1956-இல் வந்தது. அந்தக் கணக்கு நிலாவரைக்கும் போனது. 1971, 1972 ஆண்டுகளில் அப்பல்லோ 15, 16, 17 பயணங்களில் விண்வெளி வீரர்கள் ஓட்டிய வண்டியின் வடிவமைப்பில் பெக்கருக்கும் பங்குண்டு. அசல் ஃபோர் வீல் டிரைவ் அது! ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மின்மோட்டார். டயரில் காற்று இல்லை. எஃகுக் கம்பியால் வலைபோலப் பின்னிய சக்கரம். தரையில் பட்டதும் அமுங்கித் தட்டையாகும். பாக்னால்டு காற்றை இறக்கிச் செய்ததை இந்த வலை தானாகவே செய்தது. அப்பல்லோ 17 வீரர்கள் நிலாவின் தூசியில் ஏறக்குறைய 36 கிலோமீட்டர் ஓட்டினார்கள்.

நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதானே, புதையவே புதையாதே என்று கேட்கத் தோன்றும். எடை குறைந்தால் அமிழ்வதும் குறையும், உராய்வும் குறையும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறது நிலா.

செவ்வாயில் நடந்தது இதைவிடக் கடினமான கதை. 2004-இல் அங்கே இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரட்டை ஊர்திகளுக்கு ஆறு சக்கரங்கள், ஆறுக்கும் மோட்டார். ஆனாலும் ஆப்பர்ச்சூனிட்டி 2005 ஏப்ரலில் ஒரு சிறு மணல் மேட்டில் புதைந்து, வெளியே வர ஐந்து வாரத்துக்கும் மேல் ஆனது. ஸ்பிரிட்டுக்கு 2006-இலேயே முன் வலது சக்கரத்தின் மோட்டார் நின்றுவிட்டது. சுற்றாத சக்கரத்தை இழுத்துக்கொண்டு, பின்னோக்கியே ஓடியது. அந்தச் சக்கரம் கீறிய தடத்தில் 2007-இல் வெள்ளை மண் தெரிந்தது. ஆராய்ந்தால், அதில் பெரும்பகுதி சிலிக்கா. வெந்நீரோ நீராவியோ இருந்த இடத்தில்தான் இப்படிச் சேரும். கெட்டுப்போன சக்கரம் செய்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு அது.

2009 மே மாதம், மேலே ஓடு போலக் கெட்டியாகத் தெரிந்த தரை ஸ்பிரிட்டின் கீழ் உடைந்தது. அடியில் சல்பேட் கலந்த மாவுபோன்ற மணல். சக்கரங்கள் சுற்றச் சுற்ற ஊர்தி இறங்கியது. வயிற்றுக்குக் கீழே ஒரு கல் இருப்பதும் படத்தில் தெரிந்தது. நாசா பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள்! கலிபோர்னியாவில் ஒரு கூடத்தில், களிமண்ணையும் இன்னொரு நுண்ணிய மண்பொடியையும் கலந்து அதே மாதிரி மணற்படுக்கை அமைத்து, அதில் இன்னொரு ஊர்தியைப் புதைத்துவைத்து வழி தேடினார்கள். நவம்பரில் மெல்ல மெல்ல நகர்த்தத் தொடங்கினார்கள். இன்னொரு சக்கரமும் நின்றுபோனது. கடைசியில் பின்னோக்கிக் கொஞ்சம் நகரவும் ஆரம்பித்தது. அதற்குள் செவ்வாயில் குளிர்காலம் வந்துவிட, சூரிய ஒளித் தகடுகளை வெயில் பக்கம் சாய்க்க முடியாமல் மின்சாரம் தீர்ந்தது. 2010 மார்ச் 22-க்குப் பிறகு ஸ்பிரிட்டிடமிருந்து செய்தி வரவில்லை.

அடுத்து வந்த கியூரியாசிட்டி ஊர்தி ஓடும்போதே தன் வழுக்கலை அளந்துகொள்கிறது. சக்கரம் சுற்றிய கணக்குப்படி 100 சென்டிமீட்டர் போயிருக்க வேண்டும். வழியில் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் 60 சென்டிமீட்டர்தான் போயிருக்கிறது. அப்படியானால் வழுக்கல் 40 விழுக்காடு. வைத்த எல்லையைத் தாண்டினால் ஊர்தி தானே நின்றுவிடும். 2014 ஆகஸ்டில் ஒரு மணல் பள்ளத்தாக்கில் எதிர்பார்த்ததைவிட வழுக்கியதும், பொறியாளர்கள் அதைத் திருப்பி வேறு வழியில் அனுப்பினார்கள். மறு ஆண்டு அது ஆராயப் போன மணற்குன்றுகளின் பெயர் என்ன தெரியுமா? பாக்னால்டு குன்றுகள்.

இதே அளவீட்டை நீங்களும் செய்யலாம். பேட்டரியில் ஓடும் பொம்மை ஜீப் ஒன்று, ஒரு தட்டு நிறைய மணல், ஒரு அளவுகோல் போதும். சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து, எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். சுற்றளவால் பெருக்கினால் போயிருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். உண்மையில் போன தூரத்தை அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள். உலர்ந்த மணலில் ஒரு முறை, லேசாக நீர் தெளித்து ஒரு முறை, தண்ணீர் நிறைய ஊற்றி ஒரு முறை. பிறகு ஜீப்பின் மேல் சில நாணயங்களை வைத்து மறுபடியும் எல்லாவற்றையும் செய்யுங்கள். மணலில் எடை நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும் என்று பார்த்தோம். உங்கள் தட்டில் எத்தனை நாணயம்வரை நல்லது, எத்தனையாவது நாணயத்தில் ஜீப் புதைகிறது என்று நோட்டில் எழுதிவையுங்கள்.